பார்க்க மட்டும் அனுமதி

என் மகள் பிரீத்தியின் கைக்குச் சின்ன வயசிலேயே ஒரு சாவி வந்துவிட்டது. மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருவுக்குப் பொதுவாக ஒரு போர்வெல் உண்டு. அதன் மோட்டார் அறைச் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். நான் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு மாசக்கணக்கில் வடக்கே போய்விடுவேன். அவள் அம்மா ராசாத்தி தறிக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாவி பிரீத்தியின் பொறுப்பு. எந்த வீட்டுக்கு அன்றைக்கு முறையோ அந்த வீட்டாரிடம்தான் கொடுப்பாள். ஒருநாள் பெரிய வீட்டுக்காரர் விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று ஆள் அனுப்பிக் கேட்டார். "உங்க மொறை நாளைக்குங்க. இன்னிக்கு பொன்னாத்தா அத்தை ஊட்டு மொறை," என்று சொல்லிவிட்டு, சாவியைக் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிட்டாளாம். ஊரில் அதைச் சொல்லி வெகுநாள் சிரித்தார்கள்.

திருச்செங்கோட்டில் பி.காம். முடித்ததும் அம்மாபேட்டையில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை யோகேஷ். அவருடைய அப்பா மருதாசலத்துக்குச் சேலைக் கடை. கண்ணாடி போட்ட கடை இல்லை. வீட்டின் முன்பாதிதான் கடை. தறிக்காரர்களிடம் சேலை எடுத்து வெளியூர்க் கடைகளுக்கு மொத்தமாக அனுப்புவார்கள். மூத்த மகன் மதியழகன் கல்லாவில் உட்காருவார். யோகேஷ் பைக்கில் சுற்றித் தறி தறியாகச் சேலை சேகரித்து வருவார். போன புதிதில் பிரீத்திக்குக் கொடுத்த வேலை, சேலை மடிப்பது.

மடித்துக்கொண்டே அவள் போனில் ஒரு வீடியோ எடுத்தாள். மருமகள் முகம் வெளியே தெரியக் கூடாது என்று மருதாசலம் சொல்லிவிட்டார். அதனால் அதில் கை மட்டும்தான் இருந்தது. முந்தானையை விரிக்கும், கொசுவம் பிடிக்கும், பார்டரை விரலால் தடவிக் காட்டும் கை. பச்சைக் கண்ணாடி வளையல்களுக்கு நடுவில் ராசாத்தி போட்டுவிட்ட ஒற்றைத் தங்க வளையல். அந்தக் கையை ஜனங்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். ஈரோட்டிலிருந்து ஒரு டீச்சர் சேலை கேட்டார். பிறகு மலேசியாவிலிருந்து கேட்டார்கள். அப்புறம் பிரீத்தி விளம்பரம் போடக் கற்றுக்கொண்டாள். இணையத்தில் 'மருதா சில்க்ஸ்' என்று கடைக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக்கு ஒரு விளம்பரக் கணக்கு. சேலையை யாருக்குக் காட்டவேண்டும், எந்த ஊரில், எந்த வயசுப் பெண்களுக்கு என்று அவளே போனில் அமைத்து வைப்பாள்.

"நம்ம சேலத்துக்காரங்களுக்கு முதல்ல காட்டக் கூடாதா சாமி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவுங்களுக்கு எதுக்குங்ப்பா? சித்தப்பன் ஊட்லயே தறி இருக்குது. பத்து கேள்வி கேட்டுட்டு, நேர்ல வந்து பாக்கறேம்பாங்க. வரமாட்டாங்க."

கடையில் சேலை அட்டைப்பெட்டிகள் கூரைவரைக்கும் ஏறின. வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வருகிற கேள்விகளுக்குப் பதில் எழுத ஜோதி என்று ஒரு பெண். படம் எடுக்க அன்பழகன். ஆளுக்கு என்ன அனுமதி என்பதைப் பிரீத்திதான் முடிவு செய்தாள். எனக்கு அது புரியவில்லை. நான் அஞ்சாவதுக்கு மேலே படிக்காதவன். அவள் எனக்குத் தெரிந்த வழியில் சொன்னாள்.

"உங்க ரிக்குல எல்லாருகிட்டயும் சாவி இருக்குமாங்ப்பா?"

"அதெப்படி? வண்டிச் சாவி டிரைவர்கிட்ட. ஆர்சி புக்கு ஓனர்கிட்ட. பைப்புத் தூக்கறவன்கிட்டச் சாவியக் குடுத்தா வெளங்குமா?"

"அதேதானுங்ப்பா. ஜோதி பதில் எழுதலாம், படம் போட முடியாது. அன்பழகன் படம் போடலாம், வெளம்பரத்துக் காசுல கை வெக்க முடியாது. யாரைச் சேக்கறது, யாரை எடுக்கறது, அது எங்கையில. அதுக்குப் பேரு அட்மின்."

"அப்ப ஓனரு நீயா?"

"ஓனரு மாமனாருதானுங்க. சாவி எங்கிட்ட."

ஒரே ஆளிடம் முழுச் சாவியும் இருக்கக் கூடாது, போன் தொலைந்தாலும் ஆள் படுத்தாலும் கடை நின்றுவிடும் என்று, கணவரின் அண்ணன் மதியழகனையும் அவளே முழு அனுமதியோடு சேர்த்து வைத்திருந்தாள். யோகேஷுக்கு இதில் ஆர்வமில்லை. அவருக்குத் தறியும் பைக்கும் போதும்.

அவள் போட்ட விளம்பரம் ஒருநாள் என் போனிலேயே வந்துவிட்டது. என் மகளின் கை. சந்தோஷத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பதறிவிட்டாள்.

"அப்பா, தொடாதீங்க. ஒவ்வொருக்கா தொடறப்பவும் கடைக்குக் காசு போவுது. வாங்கறவங்க தொட்டாப் போதும்."

"எம்புள்ள கைய நான் தொடக் கூடாதா?"

"பாருங்க. எத்தனை வேணாலும் பாருங்க. தொடாதீங்க."

அன்றிலிருந்து பார்ப்பதோடு சரி.

வளைகாப்புப் போட்டுப் பிரீத்தியை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே. இங்கே வந்தும் அவள் வேலை நிற்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, வயிற்றின் மேலேயே போனை வைத்துக்கொண்டு விளம்பரம் பார்ப்பாள். குழந்தை உதைத்தால் போன் ஆடும். "எம் பேரனோ பேத்தியோ இப்பவே கடைக்குப் போவோணும்னு ஒதைக்குது," என்று ராசாத்தி சொல்லிச் சிரிப்பாள்.

நாள் நெருங்கியபோது மருதாசலமும் அவர் மனைவி சுப்பம்மாளும் பழத்தட்டோடு வந்தார்கள். காப்பி குடித்து முடித்த பிறகு சுப்பம்மாள் பேச்சைத் தொடங்கினார்.

"நம்ம கடையில வெள்ளிக்கிழமையானா கல்லாவுக்குக் கற்பூரம் காட்டறது உங்களுக்குத் தெரியுமில்லீங்க. இந்த ஆன்லைன் யாவாரம் வந்ததுல இருந்து கம்ப்யூட்டருக்கும் பொட்டு வெச்சுக் காட்டறோம். அதுவும் கல்லாதானுங்களே."

"ஆமாங்க," என்றாள் ராசாத்தி.

"கொழந்தை பொறந்தா முப்பதாம் நாள் வரைக்கும் தீட்டு. தீட்டோட கல்லாவத் தொடறதில்லைங்க எங்க ஊட்ல."

"நான் தொடமாட்டனுங்கத்தை. பெரியமாமா பாத்துக்குவாரு," என்றாள் பிரீத்தி. மதியழகனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"போன்ல உம்பேரு இருந்தா டிங்குடிங்குன்னு வந்துட்டே இருக்கும். நீயும் சும்மா இருக்கமாட்ட. பேரு இருந்தாலே தொட்ட மாதிரிதானே கண்ணு? முப்பது கழிஞ்சு, தண்ணி வாத்து, சுத்தம் பண்ணி மறுபடி சேத்துக்கலாம்."

மருதாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு, "மனசுக்கு ஒரு இதுதாம்மா. நல்லபடியா இருக்கோணுமில்ல," என்றார்.

மாமியார் மாமனார் நேரில் வந்து கேட்கிறார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று கேட்கிறார்கள். அதில் தப்பாக நினைக்க எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் நல்ல நேரம் பார்த்துப் பிரீத்தியே கணக்கைத் திறந்து, தன் கையாலேயே தன் பெயரை எடுத்தாள். எடுக்கும் முன்னால் போன் ஒரு கேள்வி கேட்டது. அதை எனக்குத் தமிழில் வாசித்தாள். நீங்கள் விலகினால், இன்னொரு அட்மின் சேர்த்தால்தான் திரும்ப வரமுடியும். நிச்சயமா?

"பாரு, எவ்வளவு வெவரமா கேக்குது," என்றேன்.

"கொழந்தைக்குப் பேரு வெக்கற அன்னிக்கு எம்பேரையும் திரும்ப வெச்சிருவாங்கப்பா," என்று சொல்லி அழுத்தினாள்.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, நாற்பது டன் ரிக் வண்டியை மலைப்பாதையில் இறக்கிய நான் அவளை எப்படிப் பிடிப்பதென்று கேட்டேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். இப்போதும் அந்த ஒற்றைக் கண் பார்வையை நினைத்தால் எனக்குச் சோறு வேண்டாம். வழியில் பார்த்தவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னேன். டீக்கடையில் அன்றைக்கு எல்லோருக்கும் என் செலவு.

முப்பது கழிந்தது. வீட்டைக் கழுவிவிட்டோம். புண்ணியார்ச்சனைத் தண்ணீர் தெளித்தோம். அம்மாபேட்டையிலிருந்து எல்லோரும் வந்தார்கள். இனியா என்று பெயர் வைத்தோம். பந்தியில் மதியழகனுக்குப் பாயசம் ஊற்றும்போது பிரீத்தி மெதுவாகச் சொன்னாள். "பெரியமாமா, தீட்டுக் கழிஞ்சுதுங்க. என்னைச் சேத்துருங்க."

"சேத்துட்டாப் போச்சு. மொதல்ல கொழந்தையப் பாரும்மா," என்றார் மதியழகன்.

அடுத்த வாரம் கேட்டதற்கு, ஆடித் தள்ளுபடி விளம்பரம் ஓடுகிறது, நடுவில் ஆளை மாற்றினால் குழப்பம் என்றார். ஆடி போனது. கேட்டதற்கு, யாரோ ஒரு விளம்பர ஏஜென்சிக்காரரிடம் முழு அனுமதி கொடுத்திருக்கிறேன், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பிரீத்திக்கு முகம் செத்துவிட்டது. "ஊர் பேர் தெரியாத ஆளுக்கு முழு அனுமதிங்ப்பா. எனக்கு இல்லீங்க."

யோகேஷ் ஞாயிறுதோறும் குழந்தையைப் பார்க்க வருவார். நல்ல பையன். இனியாவைத் தோளில் போட்டுத் தெருமுனைவரை நடப்பார். பிரீத்தி கணக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "அண்ணன்கிட்டச் சொல்றேன்," என்பார். சொன்னாரா என்று தெரியாது.

கடைசியில் ஒருநாள் அவள் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. மதியழகன் சேர்த்துவிட்டார். பிரீத்தி அவசரமாக ஏற்றுக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டாள்.

"என்ன சாமி?"

"பாக்க மட்டும் அனுமதி குடுத்திருக்காருங்ப்பா. எது ஓடுது, எவ்வளவு போவுதுன்னு பாக்கலாம். ஒண்ணையும் தொட முடியாது."

அவள் ஜோதிக்குக் கொடுத்திருந்த அனுமதி அதைவிடப் பெரிசு.

அதன் பிறகு அவள் தினமும் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பார்ப்பாள். ஏஜென்சிக்காரர் சேலையைச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் காட்டிக்கொண்டிருந்தார். ஆம்பளைகளுக்குக் காட்டினார். நிற்க வேண்டியது ஓடியது, ஓட வேண்டியது நின்றுபோயிருந்தது. ஆனால் எல்லா விளம்பரத்திலும் ஓடியது அவளுடைய அதே பழைய வீடியோதான். அவளுடைய கை. பச்சை வளையல், நடுவில் அந்தத் தங்க வளையல்.

இனியாவுக்கு அஞ்சாம் மாசம் நடந்தபோது தொட்டில், பாத்திரம், பட்டுச்சட்டையோடு தாயையும் பிள்ளையையும் அம்மாபேட்டையில் விடப் போனோம். ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தார்கள். பேத்தியைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொஞ்சினார்கள். சாப்பாடு முடிந்து கடைப் பாயில் உட்கார்ந்திருந்தோம். கம்ப்யூட்டரில் புதுசாகக் குங்குமம் வைத்திருந்தது. நான்தான் பேச்சை எடுத்தேன்.

"பெரிய மாப்பிள்ளை, பிரீத்திக்கு அந்த அனுமதியத் திரும்பக் குடுத்துருங்க. அது கேட்டுட்டே இருக்குது."

மதியழகன் சிரித்தார். "பச்சப் புள்ளக்காரிக்கு எதுக்குங்க மாமா அந்தத் தலைவலி? நானே படாத பாடு படறேன். பாக்கறதுக்குத்தான் குடுத்திருக்கேனே."

"பாத்து என்னங்க பண்றது?" என்றாள் பிரீத்தி. "ஆம்பளைங்களுக்குச் சேலை காட்டிட்டு இருக்காங்க."

"பொண்டாட்டிக்கு வாங்கிட்டுப் போவான்."

"வாங்கலீங்களே."

மருதாசலம் குறுக்கே வந்தார். "சம்பந்தி, இதெல்லாம் கடைக் காரியம். புள்ளைய அனுப்பி வெச்சீங்க, சந்தோசம்."

அதுவரை பேத்தியின் காலுக்குக் கொலுசு மாட்டிக்கொண்டிருந்த ராசாத்தி நிமிராமலே கேட்டாள். "ஏனுங்க சம்பந்தி, எனக்கு ஒரு சந்தேகம். பொறந்த தீட்டு பங்காளிக்கும் உண்டுங்களா இல்லீங்களா?"

ராசாத்தி அடுத்த காலுக்குக் கொலுசை எடுத்தாள்.

"எங்க பக்கம் உண்டுங்க. சொல்லப்போனா பொண்ணப் பெத்த எங்களுக்குத்தான் கம்மி. பெரிய மாப்பிள்ளை தகப்பனுக்குக் கூடப்பொறந்தவரு. தீட்டு அவருக்கும் உண்டுங்களே. அவரு பேரும் அந்தப் போன்ல இருந்துதே. அவரு எப்படித் தொட்டாரு?"

"ஆம்பளைக்கு என்னம்மா," என்றார் மருதாசலம். "தலைக்குத் தண்ணி ஊத்துனாப் போச்சு."

"அப்ப எம்புள்ளையும் ஊத்திட்டுத்தானுங்க வந்திருக்குது."

சுப்பம்மாள் எழுந்து சமையல் கட்டுக்குள் போய்விட்டார். மதியழகனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அத்தை, நாங்க யாரும் உங்க பொண்ணை வெளிய தள்ளல. அதுவேதான் பேரை எடுத்துச்சு. அதும் கையாலயே எடுத்துச்சு."

அதுதான் உண்மை. அது உண்மையாக இருந்ததுதான் இன்னமும் கசக்கிறது.

பிரீத்தி மட்டும் கேட்டாள். "சரிங்க. அனுமதி வேண்டாம். அந்த வீடியோவ எடுத்துருங்க. அது எங்கையி."

"கை யாருதுன்னு பாக்கறவனுக்கு என்னம்மா தெரியும்?" என்றார் மதியழகன்.

யோகேஷ் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் புறப்படும்போது பஸ் ஸ்டாப்வரை வந்தவர், அங்கே வைத்துத்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணனுக்குப் பயமுங்க மாமா. பிரீத்தி கையில முழுசாக் குடுத்தா நாளைக்கு என்னையும் கூட்டிட்டுத் தனிக்கடை போட்டுருமாம்."

"போடறதா அது எப்பவாவது சொல்லுச்சுங்களா மாப்பிள்ளை?"

"இல்லீங்க."

"நீங்க அதச் சொன்னீங்களா உங்க அண்ணன்கிட்ட?"

பஸ் வந்துவிட்டது. "ஏறுங்க மாமா, கூட்டம் வருது," என்றார்.

அவள் நினைக்காததைச் செய்வாள் என்று சொல்லிக் கடைசியில் அதையே செய்ய வைத்துவிட்டார்கள். இரண்டு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிரீத்தி தன் பெயரிலேயே தனியாக ஒரு பக்கம் தொடங்கினாள். யோகேஷ் மறைவாகக் கொண்டுவந்து கொடுத்த சேலைகளை விரித்து, கொசுவம் பிடித்து, அதே மாதிரி வீடியோ எடுத்துப் போட்டாள். பழைய வாடிக்கைக்காரர்கள் கண்ணில் அது பட்டது. சேலை கேட்டு யாரும் எழுதவில்லை. 'மருதா சில்க்ஸ் வீடியோவைத் திருடிப் போடாதீர்கள்' என்று எழுதினார்கள். 'வளையல்கூட அதே மாதிரி வாங்கிப் போட்டிருக்கிறாள் பார்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அந்த ஈரோட்டு டீச்சர், நல்ல மனசோடு, மருதா சில்க்ஸ் பக்கத்துக்கே தகவல் சொல்லியிருக்கிறார். உங்கள் பெயரைக் கெடுக்க ஒரு போலிப் பக்கம் வந்திருக்கிறது என்று. கடையிலிருந்து புகார் போனது. பிரீத்தியின் பக்கம் முடங்கிப்போனது. இது என் கைதான் என்று அவள் எழுதிப் போட்டாள். கைக்கு அத்தாட்சி எங்கே இருக்கிறது?

அதன் பிறகு அம்மாபேட்டையில் மறுபடி சேலை மடிக்கிறாள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. புது வீடியோவுக்குக் கை வேண்டும் என்று ஏஜென்சிக்காரர் கேட்டாராம். மதியழகன் பெருந்தன்மையாக, "நம்ம புள்ளையே காட்டட்டும்," என்றாராம். பிரீத்தி அந்தத் தங்க வளையலைக் கழற்றி ராசாத்திக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். கையில் சுளுக்கு என்று சொல்லிவிட்டாளாம்.

போன வாரம் இனியாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பேத்திக்கு இப்போது எட்டாம் மாசம். பல் முளைக்கிறது. என் மீசையைப் பிடித்து இழுத்தால் விடமாட்டாள். விடவும் நான் சொல்லமாட்டேன். அவளை மடியில் வைத்துக்கொண்டு போனில் மாட்டு வீடியோ காட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் அந்த விளம்பரம் வந்தது. பச்சை வளையல் கை முந்தானையை விரித்தது.

இனியா இழுத்துக்கொண்டிருந்த மீசையை விட்டுவிட்டாள். போனைப் பார்த்தாள். திரும்பி, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பிரீத்தியைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டு, உள்ளங்கையை விரித்துத் திரையில் பட்டென்று அடித்தாள். விளம்பரம் திறந்துகொண்டது.

எனக்குப் பழைய பழக்கம். சட்டென்று அவள் கையைப் பிடித்தேன். "தொடாத சாமி, தொட்டா காசு போவும்."

பிரீத்தி வெங்காயத்தை வைத்துவிட்டு வந்தாள். போனை வாங்கி அணைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் திறந்ததை மூடி, திரும்ப அந்தக் கை வருகிற இடத்துக்குக் கொண்டுபோய், குழந்தையின் முன்னாலேயே நீட்டினாள்.

"உடுங்ப்பா," என்றாள். "அவ தொடட்டும்."

இனியா மறுபடியும் அடித்தாள்.